பாதிக் கேள்விகள் தவறாகும் தேர்வு

அமெரிக்கத் தொடக்கப் பள்ளி ஒன்றில், கணிதத்தில் கூடுதல் உதவி தேவைப்படும் சிறு குழந்தைகளுக்கு ஆசிரியையாக இருக்கிறேன். இலையுதிர்காலம், குளிர்காலம், வசந்தம் என ஆண்டுக்கு மூன்று முறை, மழலையர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை எல்லாரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மேப் குரோத் என்னும் கணினிவழித் தேர்வு எழுதுகிறார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் கணினியே கேள்வியைப் படித்துக் காட்டும். நேரக் கெடு கிடையாது. விடை சரியானால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும்.

இதனால், கெட்டிக்காரக் குழந்தையும் தடுமாறும் குழந்தையும் ஏறக்குறைய பாதிக் கேள்விகளைத்தான் சரியாகச் செய்வார்கள். எல்லாமே சரி என்றாலும் எல்லாமே தவறு என்றாலும் அந்தக் குழந்தையின் நிலை பிடிபடாது. தெரிந்தது முடிந்து தெரியாதது தொடங்கும் இடத்தில்தான் அளவீடு கூர்மையாகிறது. டென்மார்க் கணிதவியலாளர் ஜார்ஜ் ராஷ் 1960இல் வெளியிட்ட அளவீட்டு முறையே இதற்கு அடிப்படை.

ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கு ராஷைத் தெரியாது. தனக்கு ஒன்றும் வரவில்லை என்றுதான் அது நினைக்கும். அதிகம் அழுவது நன்றாகக் கணக்குப் போடும் குழந்தைகள்தான். முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் திரையில் பெருக்கல் குறி வந்தது. "இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லையே" என்று என்னைப் பார்த்துக் கண்கலங்கினாள். அவள் எட்டியிருந்த உயரத்தால்தான் அந்தக் கேள்வி வந்தது. அவளுக்கோ அது தண்டனையாகப் பட்டது. தேர்வுக்கு முந்தைய நாளே, "தெரியாத கேள்விகள் நிச்சயம் வரும், உன்னால் முடிந்ததைச் செய்துவிட்டு அடுத்ததற்குப் போ" என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வது கட்டாயமாக இருக்க வேண்டும். மதிப்பெண்ணைவிட அந்த வயதில் கணிதத்தின் மீது இருக்கும் துணிச்சல் பெரிது.

தேர்வின் முடிவு, ராஷின் முறையில் அமைந்த ரிட் (RIT) என்னும் அளவில் வருகிறது. 2020இல் வெளியான தேசியச் சராசரிப்படி முதல் வகுப்புக் கணிதத்துக்கு இலையுதிர்காலத்தில் 160, வசந்தத்தில் 176. ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் சுமார் 3 புள்ளி அளவுக்குப் பிழை இருக்கலாம். 2 புள்ளி குறைந்ததற்காகக் கலங்கி நிற்கும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

என் உண்மையான கவலை வேறு. எட்டும் ஏழும் எவ்வளவு என்று கேட்டால் மூன்று குழந்தைகள் 15 என்கிறார்கள். ஒருவன் மேசைக்கு அடியில் விரல்களை ஒன்றிலிருந்து எண்ணுகிறான். இன்னொருத்தி எட்டை மனதில் வைத்து ஒன்பது, பத்து என்று மேலே எண்ணுகிறாள். மூன்றாமவன் ஏழிலிருந்து இரண்டை எடுத்து எட்டோடு சேர்த்துப் பத்தாக்கி, மீதி ஐந்தைக் கூட்டுகிறான். கணினிக்கு மூன்றும் ஒரே சரியான விடை. ஆசிரியைக்கு இவை மூன்று வேறு நிலைகள், மூன்று வேறு பாடங்கள். முதலாமவனுக்கு இப்போது உதவாவிட்டால் இரண்டாம் வகுப்பில் 48உம் 37உம் கூட்டும்போது விரல்கள் போதாது. தேர்வு தரும் ஒரே எண்ணை வைத்து இவர்களை ஒரே குழுவில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கே தேட வேண்டும் என்பதை அந்த எண் காட்டுகிறது. அதற்காகத் தேர்வை நான் மதிக்கிறேன். மதிப்பெண் பட்டியல் வந்ததும், கூடுதல் உதவிக்கான எல்லைக்கோட்டை ஒட்டியிருக்கும் பெயர்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வண்ண வில்லைகளுடன் குழந்தையின் அருகில் உட்கார்ந்து, "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று மட்டும் கேட்கிறேன். பத்து நிமிடம் போதும். மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில், குழந்தை சொன்ன வழியை அதன் சொற்களிலேயே எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுக்கிறேன். இந்தப் பத்து நிமிடத்தைக் கால அட்டவணையிலேயே சேர்க்கும்படி நெடுநாளாகக் கேட்டுவருகிறேன். இந்த ஆண்டு முதல் வகுப்புக்குக் கிடைத்திருக்கிறது. மழலையர் வகுப்புக்காகத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.