ஓஷோக்போ: அருக்பாவின் பின்னே ஆற்றங்கரைக்கு

அருக்பா கால் இடறக் கூடாது. ஓஷுன் என்ற ஆற்றுத் தாய்க்கு ஆண்டுதோறும் எடுக்கிற விழாவின் கடைசி நாளன்று ஓஷோக்போ ஊரே அந்தப் பெண்ணின் பாதங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அரச குடும்பத்துக் கன்னிப்பெண் அவள். தலையில் துணி போர்த்திய பெரிய சுரைக்குடுவை, அதற்குள் ஊரார் எல்லாருடைய சார்பிலும் ஓஷுன் தாய்க்குப் போகிற படையல். அங்கே பேசுகிற யோருபா மொழியில் ‘ரு’ என்றால் சுமப்பது, ‘இக்பா’ என்றால் சுரைக்குடுவை; அருக்பா என்றால் அதைச் சுமப்பவள். அரண்மனையிலிருந்து ஆற்றங்கரைக் காடு வரை அவள் தடுக்காமல் போய்ச் சேர்ந்தால் அந்த ஆண்டு ஊருக்கு நல்லது. தடுக்கினால் கெட்ட சகுனம். அதனால்தான் அவளைச் சுற்றி அத்தனை காவல். கைப்பேசியை நீட்டிக்கொண்டு நெருங்கினால் தள்ளிவிடுவார்கள், கோபித்துக்கொள்ளக் கூடாது.

நைஜீரியாவின் தென்மேற்கில், ஓஷுன் மாநிலத்தின் தலைநகர் ஓஷோக்போ. ஊர் உண்டான கதையை அங்கே சிறு பிள்ளையும் சொல்லும். தண்ணீர் தேடி வந்த லாரோயேயும் வேட்டைக்காரர் திமேஹினும் ஆற்றங்கரையில் குடியேறினார்கள். வயலுக்காக வெட்டிய மரம் ஒன்று ஆற்றுக்குள் சாய்ந்தது. உள்ளிருந்து ஒரு குரல்: “ஓஷோ இக்போ! என் சாயப் பானைகளை எல்லாம் உடைத்துவிட்டீர்களே!” காட்டு மந்திரவாதிகளே என்று திட்டிய அந்த வசவே ஊர்ப்பெயராக நின்றுவிட்டது. பானைகள் அவுரிச் சாயம் காய்ச்சுகிறவை. துணிக்குச் சாயமேற்றுவது யோருபாப் பெண்களின் பழந்தொழில் என்பதால் ஆற்றுத் தாய்க்கும் அதுவே தொழில். பிறகு சமாதானம் ஆயிற்று. கரையை விட்டு மேட்டுக்குப் போங்கள், ஆண்டுதோறும் எனக்குப் படையல் வையுங்கள், ஊரை நான் காக்கிறேன் என்றாள் ஓஷுன். லாரோயே ஒப்புக்கொண்டார். வாக்குக்கு அடையாளமாக மீன் ஒன்று நீந்தி வர, லாரோயே கை நீட்டி வாங்கினார். ‘கை நீட்டி மீன் வாங்கியவர்’ என்ற தொடரின் சுருக்கம்தான் ‘அதாவோஜா’. இன்றும் ஓஷோக்போ அரசருக்கு அதுவே பட்டம். 1840 வாக்கில் வடக்கேயிருந்து வந்த இலோரின் படையை இபாதான் வீரர்கள் இந்த ஊர் வாசலில் முறியடித்தார்கள். அதையும் தாய் காத்த கணக்கில்தான் ஊர் சேர்த்து வைத்திருக்கிறது.

லாரோயேயும் ஓஷுனும் செய்துகொண்ட அந்த வாக்கினால் மிஞ்சியதுதான் ஆற்றங்கரைக் காடு. 75 ஹெக்டேர். மரம் வெட்டக் கூடாது, வேட்டையாடக் கூடாது, ஆற்றில் மீன் பிடிக்கக் கூடாது. மீன்கள் அவளுடைய தூதர்கள். சுமார் 40 சன்னதிகள், கரையோரமாக 9 வழிபாட்டு இடங்கள், இரண்டு பழைய அரண்மனைகள். கோபுரத்தையும் கருவறையையும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் அரை மணி நேரத்தில் திரும்பிவிடுவார்கள். இங்கே மரமும் நீரும்தான் மூர்த்தி, சிலைகள் வழிகாட்டிப் பலகை மாதிரி என்று வைத்துக்கொண்டு நடந்தால் அரை நாள் போதாது.

அந்தச் சிலைகளுக்கு ஒரு தனிக் கதை. 1950களில் இந்தக் காடு அழியும் தறுவாயில் இருந்தது. பூசாரிகள் குறைந்துபோனார்கள், பழைய மரச்சிற்பங்கள் திருடு போயின, ஒரு பகுதியில் மரங்களை வெட்டிவிட்டுத் தேக்கு நட்டார்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் 1915இல் பிறந்த சூசன் வெங்கர் என்ற ஓவியர் 1950இல் நைஜீரியாவுக்கு வந்து, ஒரிஷா எனப்படும் யோருபா தெய்வங்களின் வழிபாட்டில் தீட்சை பெற்று, 2009இல் ஓஷோக்போவிலேயே இறந்தார். ஊரார் அவருக்கு வைத்த பெயர் அதுன்னி ஒலோரிஷா. அடெபிசி அகாஞ்சி, புரைமோ க்படமோசி, கசலி அகாங்பே போன்ற உள்ளூர்க் கலைஞர்களோடு சேர்ந்து அவர் செய்தது எளிய யோசனை: தூக்கிக்கொண்டு போக முடியாத அளவுக்குப் பெரிதாகக் கட்டிவிடுவது. இரும்புக் கம்பிக்கூடு, அதன் மேல் மண்ணும் சிமெண்டும். நுழைவாயிலில் பறக்கும் ஆமை வளைவு, உள்ளே வானத்துக்குக் கை விரித்த உருவங்கள். நம் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. முகம் தேடாமல், உடம்பு எப்படி வளைகிறது என்று பாருங்கள். மழையும் பாசியும் வேர்களும் சிமெண்டைப் பிளந்துகொண்டே இருப்பதால் சாய்ந்து பார்ப்பது, ஏறி நின்று படம் எடுப்பது எல்லாம் வேண்டாம். 1965இல் தேசிய நினைவுச் சின்னமாகவும் 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாகவும் ஆனது இந்தக் காடு.

விழா ஆகஸ்டில், ஏறத்தாழ இரண்டு வாரம். முதலில் இவோபோபோ, அதாவது பாதையைச் சுத்தி செய்கிற சடங்கு. பிறகு அரண்மனை முற்றத்தில் 16 முக விளக்கு. இரவு முழுக்க எரியும், அதாவோஜா தன் பரிவாரத்தோடு அதைச் சுற்றி ஆடி வருவார். கூட்டத்தில் நிற்க முடியாதவர்கள் இந்த இரவுக்காவது வந்துவிட வேண்டும். தீபத்தை நிதானமாகப் பார்க்க முடியும். அடுத்து, மறைந்த அரசர்களின் மகுடங்களை ஒன்றாக வைத்து ஆசி கேட்கும் இபோரியாடே. கடைசியில், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, அருக்பா ஊர்வலம். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அரண்மனை அறிவித்த பிறகே விமானச் சீட்டு எடுங்கள். அறை கிடைக்காவிட்டால் பக்கத்து நகரான இலே இஃபேயில் தங்கலாம். யோருபா மக்கள் உலகமே அங்கேதான் தொடங்கியது என்பார்கள். பழங்கதை அரசர் ஒரான்மியான் பெயரிலான கல்தூண் அங்கேதான் நிற்கிறது.

ஊர்வலத்தில் காதை முரசுக்குக் கொடுங்கள். யோருபா மொழிக்கு மூன்று சுருதி. ‘ஒகோ’ என்ற ஒரே சொல் சுருதி மாறினால் கணவன், மண்வெட்டி, வண்டி என்று பொருள் மாறும். பேசும் முரசான துந்துனின் வார்களைக் கையால் இறுக்கித் தளர்த்தி அந்தச் சுருதியையே வாசிப்பார்கள். அது தாளம் மட்டும் இல்லை, துதி. கூட்டம் அதற்குப் பதில் சொல்லும்: “ஓரே யேயே ஓ!” கூடவே சொல்லலாம், யாரும் அந்நியமாகப் பார்க்க மாட்டார்கள். பிரேசிலிலிருந்தும் கியூபாவிலிருந்தும் பக்தர்கள் வருகிறார்கள். அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களோடு இந்தத் தாயும் கடல் கடந்தாள், அங்கே பெயர் ஓஷூம், ஒச்சுன். ஊரிலோ பெரும்பாலோர் முஸ்லிம்கள், கிறித்தவர்கள். விழா எல்லாருக்கும் பொது.

ஓஷுனுக்குப் பிடித்தது தேன், பித்தளை, மஞ்சள் துணி, வெள்ளைத் துணி. குழந்தை வரம் கேட்டு வருகிறவர்களே அதிகம். காணிக்கையை நேராக ஆற்றில் எறியாதீர்கள், பெண் பூசாரியிடம் வலக்கையால் கொடுங்கள். இடக்கையால் கொடுப்பது பெரிய மரியாதைக் குறைவு. சம்மதமா என்று கேட்க நான்கு பிளவுள்ள கோலாக் கொட்டையை உருட்டுவார்கள். இரண்டு மேல்நோக்கி, இரண்டு கீழ்நோக்கி விழுந்தால் நல்ல பதில். கோழி பலி உண்டு. மனம் ஒப்பாதவர்கள் அந்த நேரம் ஆற்றுப் பாலத்துப் பக்கம் போய்விடலாம். சன்னதிக்கு முன் செருப்பைக் கழற்ற வேண்டும், பாதை மழையில் வழுக்கும்; பிடிமானமுள்ள, சட்டென்று கழற்றக்கூடிய செருப்பே சரி. படம் எடுக்கத் தனிக் கட்டணம்; சில்லறை நைரா வைத்திருங்கள்.

சைவர்களுக்கு: அகாரா சாப்பிடலாம், தட்டைப்பயறைத் தோல் நீக்கி அரைத்துப் பொரித்தது, ஏறக்குறைய நம் வடை. வறுத்த வாழைப்பழமும் அவித்த பெருவள்ளி வகைக் கிழங்கும் கிடைக்கும். மொயின் மொயின் என்ற அவித்த பயற்றுப் பலகாரத்தில் முட்டையோ மீனோ ஒளிந்திருக்கும், குழம்புகளில் காய்ந்த இறால் பொடி இருக்கும். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னையிலிருந்து போகிறவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொள்ளலாம், புறப்பட 10 நாளுக்கு முன்பே. போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் திரும்பினால் இந்தியாவில் இறங்கியதும் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். மலேரியா மாத்திரையும் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். லாகோஸிலிருந்து இபாதான் வரை 157 கி.மீ. ரயில் உண்டு, அங்கிருந்து சாலை. இருட்டுவதற்குள் ஓஷோக்போ சேர்கிற மாதிரி கிளம்புங்கள்.

இனி தீர்த்தம். இந்த நீரே மருந்து என்பது நம்பிக்கை. குளிர்ந்த நீரால் பிள்ளையைக் காப்பவள் என்றே ஓஷுனைப் பாடுவார்கள். அதனால் படையல் ஆற்றில் இறங்கியதும் கூட்டம் புட்டியோடும் கேனோடும் கரைக்குப் பாயும். இந்த நீரைக் குடிக்காதீர்கள். மேலே, ஆறு வரும் வழியில் தங்கம் தோண்டுகிறார்கள். மண்ணைக் கழுவிய சேறு அப்படியே ஆற்றில் கலக்கிறது, கூடவே பாதரசம், ஈயம் போன்ற கன உலோகங்களும். காய்ச்சினால் கிருமி சாகும், பாதரசம் போகாது. 2022 விழாவுக்கு முன் மாநில அரசே குடிக்க வேண்டாம் என்று எச்சரித்தது. லாரோயே தந்த வாக்கு இந்தக் காட்டுக்குள் மரத்தையும் மீனையும் காத்துவிட்டது. மேலே மண் கழுவுகிறவர்களை அது கட்டுப்படுத்தவில்லை. புட்டியில் பிடித்து மூடி, பூஜையறையில் வைத்துக்கொள்ளலாம். தலையில் தெளித்துக்கொள்வதோடு நிறுத்துங்கள்.

முடிந்தால் சனிக்கிழமை காலையும் ஒருமுறை உள்ளே போங்கள். கூட்டம் கலைந்திருக்கும், குரங்குகள் மரத்திலிருந்து இறங்கி வரும். முந்தின நாள் தலைகளுக்கு நடுவே தெரியாமல் போன ஆற்றின் நிறம் அப்போதுதான் தெரியும்: பால் அதிகம் விட்ட டீ போல, அடியில் என்ன இருக்கிறது என்று காட்டாத பழுப்பு.