காலின் வெளிப்பக்கச் சிரை: மூடும் முன் பார்க்க வேண்டியவை

பிறந்ததிலிருந்தே ஒரு கால் மட்டும் பருத்து நீண்டிருக்கிறது, தோலில் சிவந்த மச்சம், கணுக்காலிலிருந்து வெளிப்பக்கமாகவே தொடைக்கு ஏறும் தடித்த சிரை. இவை சேர்ந்து வந்தால் முதலில் நினைக்க வேண்டியது க்ளிப்பெல்–ட்ரெனோனே, 1900-இல் இரு பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த நோய். சாதாரண வெரிகோஸ் பெரும்பாலும் காலின் உட்பக்கம்தான் புடைக்கும்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் பிஐகே3சிஏ மரபணுவில் கருவிலேயே சில செல்களில் மட்டும் நேரும் மாற்றம். பெற்றோர் தந்ததல்ல. ரத்தப் பரிசோதனையில் சிக்குவது அபூர்வம். பாதித்த இடத்துத் திசுவைத்தான் அனுப்ப வேண்டும்.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனை நிற்க வைத்தே எடுங்கள். படுத்தால் பின்னோட்டம் (ரத்தம் கீழ்நோக்கித் திரும்புவது) சரியாகத் தெரியாது. வெளிப்பக்கச் சிரை எங்கே போய்ச் சேர்கிறது, ஆழ்சிரைகள் (தசைக்குள் ஓடும் முக்கியச் சிரைகள்) இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். பலர் இடறுவதும் இங்கேதான். ரத்தமெல்லாம் அகன்ற வெளிப்பக்கச் சிரை வழியே போவதால் ஆழ்சிரை நிரம்பாமல் 'இல்லை' என்று ரிப்போர்ட் வரும். வெளிப்பக்கச் சிரையை டூர்னிகேட்டால் (இறுக்கும் பட்டை) அழுத்தி, பாதத்தில் கான்ட்ராஸ்ட் (படத்தில் தெரியும் மருந்து) செலுத்திப் பார்த்தால் பல நேரம் ஆழ்சிரை தெரிந்துவிடும். உண்மையிலேயே ஆழ்சிரை இல்லையென்றால் வெளிப்பக்கச் சிரையை மூடக் கூடாது. கால் வீங்கித் தவிக்கும். தமனி ரத்தம் வேகமாகச் சிரைக்குள் பாய்வது தெரிந்தால் அது பார்க்ஸ் வெபர் என்ற வேறு நோய், வைத்தியமே வேறு.

ரத்தப் பரிசோதனையில் டி-டைமர் (உறைகட்டி கரையும்போது வரும் துணுக்கு), ஃபைப்ரினோஜன் (ரத்தம் உறைய உதவும் புரதம்), பிளேட்லெட் மூன்றையும் முன்கூட்டியே பாருங்கள். தேங்கிய ரத்தம் உள்ளுக்குள் உறைந்துகொண்டே இருப்பதால் டி-டைமர் ஏறியும் ஃபைப்ரினோஜன் இறங்கியும் இருக்கலாம். அப்படியிருந்தால் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி.

மூடுவதென்றால் சிரைக்குள்ளே சூடேற்றும் லேசரோ ரேடியோ அலையோ. சிரை மிக அகலமாக இருந்தால் மேல்முனையை முதலில் அடைப்பது நல்லது, உறைகட்டி நுரையீரலுக்கு ஓடாது. மிச்சக் கிளைகளுக்கு நுரை ஊசி: சிரையைச் சுருங்க வைக்கும் சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட் மருந்து ஒரு பங்கை நான்கு பங்கு காற்றோடு இரு சிரிஞ்சுகளுக்கிடையே முன்னும் பின்னும் தள்ளி நுரைக்க வேண்டும். அந்த அகன்ற சிரை திறந்திருக்கும்போது நுரையைச் செலுத்துவது ஆபத்து.

சிரோலிமஸ் என்ற மருந்து வலியையும் கசிவையும் குறைக்கலாம். 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, பிஐகே3சிஏ-வின் மிகைச் செயலை அடக்கும் அல்பெலிசிப், தீவிர பாதிப்புள்ள 2 வயதுக்கு மேற்பட்டோருக்கு. குழந்தைகளுக்குத் தொடக்கம் தினம் 50 மி.கி. சர்க்கரை அளவைக் கண்காணிக்க வேண்டும். ஆனால் அகன்று கிடக்கும் சிரையை எந்த மாத்திரையும் மூடிவிடாது.

அழுத்தக் காலுறையை அளவெடுத்துத் தைத்தே வாங்குங்கள், கடைச் சைஸ் சரிவராது. குழந்தை வளர வளர மறுபடி அளவெடுக்க வேண்டும். பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தவிர்க்கலாம். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் அவசர சிகிச்சைக்கே ஓடுங்கள். உறைகட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்; டி-டைமரை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்பதால் சிடி ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) கேளுங்கள்.