தொண்டி நாட்குறிப்பு: யார் காட்டிக்கொடுத்தது?

அக்டோபர் 8

24ஆம் தேதி, சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்கள் நினைவு நாள். மகளின் பள்ளிக்கூடத்தில் அன்றைக்குப் பேச்சுப்போட்டி வைத்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்கு ஐந்து நிமிடம். யாரோ எழுதிக் கொடுத்த நான்கு தாளைக் கடைக்குக் கொண்டுவந்து, "அப்பா, இதுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க" என்றாள். மிஷினில் வைக்கும்போதே கண் வரிகளில் ஓடிவிட்டது. நான்கில் மூன்று தாள் காட்டிக்கொடுத்தவர்கள் பற்றியது. யார், எந்த ஊர், யாருக்கு என்ன உறவு, எவ்வளவு பணம் வாங்கினான். மருது சகோதரர்களைத் தூக்கில் போட்டது கும்பினி, அதாவது வெள்ளைக்காரனின் கிழக்கிந்தியக் கம்பெனி; அந்தச் சொல் மொத்தமே இரண்டு இடத்தில்தான் வருகிறது. விவரம் தெரியாதவர் படித்தால், ஊர்க்காரனே ஊர்க்காரனைத் தூக்கில் போட்டான் என்றுதான் நினைத்துக்கொள்வார்.

மனசுக்குப் பிடிக்கவில்லை. "இது வேண்டாம் தாயி, நாமளே எழுதுவோம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அதன் பாரம் தெரிகிறது. எழுத எழுத இங்கேயும் குறித்து வைக்கிறேன்.

அக்டோபர் 10

டீக்கடையில் அதே பேச்சு. நானாகத்தான் வாயைக் கொடுத்தேன். பேச்சுப்போட்டி என்று சொன்னதும் பெஞ்சில் இருந்த இரண்டு பேர் தொடங்கிவிட்டார்கள். "உங்காளுகதானய்யா காட்டிக்கொடுத்தது." "நாங்களா? உங்க சனம் வெள்ளைக்காரனுக்கு அரிசி அளந்துச்சே, அது?" குரல் ஏறி, டீ ஆறிப் போய், கடைசியில் ஒருவர் காசை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். இருவரும் ஒரே வத்தையில் (படகில்) மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர்கள்.

220 வருடம் தாண்டியும் நமக்குள் கணக்குத் தீரவில்லை. ஆனால் அந்தப் பெஞ்சில் ஒருவர்கூடக் கும்பினியைத் துரோகி என்று சொல்லவில்லை. அவன் அந்நியன், எதிரி, அவன் அப்படித்தான் செய்வான் என்று விட்டுவிடுகிறோம். எனக்கு இங்கேதான் இடிக்கிறது. தூக்கில் தொங்கியவர்களில் பலர் ஒரு காலத்தில் கும்பினியோடு கைகுலுக்கியவர்கள், அதன் கடிதத்தை நம்பியவர்கள், அதற்காகச் சண்டையே போட்டவர்கள். அப்படிப்பட்டவர்களைத்தான் அது தேடித் தேடி அழித்தது. அதற்குப் பெயர் துரோகம் இல்லையா?

அக்டோபர் 13

இரண்டு பேரும் காலை பஸ்ஸில் இராமநாதபுரம் போனோம். நம்புதாளை, உப்பூர், தேவிபட்டினம் வழி. வெயில் இல்லை, கடல் பக்கம் மேகம் கட்டி நின்றது.

இராமலிங்க விலாசத்துக்குள் நுழைந்ததும் அவள் அண்ணாந்து பார்த்தபடியே நடந்தாள். சுவரெல்லாம் ஓவியம். சிவப்பும் காவியும் மங்கியிருக்கின்றன, ஆனாலும் முகங்கள் தெரிகின்றன. ஒரு பக்கம் தஞ்சை மராத்தியரோடு சண்டை. இன்னொரு பக்கம் இராமநாதபுரம் மன்னர் சேதுபதியைப் பார்க்க வந்த ஐரோப்பியர்கள். முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்து ஓவியங்கள் இவை, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அந்தப் படத்தின் முன்னால் அவளை நிறுத்தினேன். "பாரு, தேடி வந்தவங்க அவங்க. பார்க்க அனுமதி குடுக்கிறவர் சேதுபதி."

அதே கட்டடத்தில்தான் 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சன் முன்னால் கட்டபொம்மனை நிற்க வைத்தார்கள். உட்கார இடம் தரவில்லை. சுவரில் இருக்கிற ஐரோப்பியர்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள். நடுவில் போனது எண்பது வருடம்கூட இருக்காது.

"அதுக்குள்ள எப்படிப்பா மாறுச்சு?" என்றாள். பஸ்ஸில் திரும்பும்போது முழுக்க அதையேதான் பேசிக்கொண்டு வந்தோம்.

அக்டோபர் 15

இன்றைக்கு கான்சாகிபு தூக்கில் போடப்பட்ட நாள். 1764. பனையூர் அவர் பிறந்த ஊர், நம்ம சீமை. மருதநாயகம் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும்.

கும்பினிக்கு அவரைவிட ஒரு நல்ல கூட்டாளி கிடைத்திருக்க முடியாது. சிப்பாய்களுக்கெல்லாம் கமாண்டர். 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது வெளியில் இருந்து அவர்களை அலைக்கழித்துக் கோட்டையைக் காப்பாற்றியதில் பெரும் பங்கு அவருடையது. அவருக்குத் தங்கப் பதக்கமும் கொடுத்திருந்தார்கள். மதுரைச் சீமையையும் திருநெல்வேலியையும் குத்தகைக்குக் கொடுத்தார்கள். அவர் நன்றாக ஆள ஆரம்பித்ததும் கும்பினியின் கூட்டாளியான ஆற்காட்டு நவாபுக்குப் பொறுக்கவில்லை, கும்பினிக்கும் பயம் வந்தது. 1763இல் படை வந்தது. மதுரைக் கோட்டையைப் படைபலத்தால் பிடிக்க முடியாமல், கூட இருந்தவர்களை வைத்து அவரைப் பிடித்தார்கள். பிடித்த சூட்டிலேயே தூக்கு. உடலை வெட்டி வெவ்வேறு ஊருக்கு அனுப்பினார்கள் என்று சொல்வார்கள். சம்மட்டிபுரத்தில் தர்கா இருக்கிறது.

சென்னைக் கோட்டையை அவர் காப்பாற்றியதற்கும் அவருக்குக் கயிறு மாட்டியதற்கும் இடையில் ஐந்தாறு வருடம்தான்.

நாளைக்குக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட நாள், கயத்தாறில், 1799. அப்புறம் 24. இந்தப் பத்து நாளுக்குள் இத்தனை கயிறு.

அக்டோபர் 17

கடையில் கூட்டம், ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல். எழுத நேரமில்லை.

அக்டோபர் 18

முத்துராமலிங்க சேதுபதியைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன், நீளமாகிவிட்டது, மகள் குறைக்கச் சொன்னாள். இங்கே குறைக்காமல் எழுதிக்கொள்கிறேன்.

கைக்குழந்தையாகப் பட்டத்துக்கு வந்தவர். 1772இல் நவாபின் படையும் ஜெனரல் ஸ்மித்தின் கும்பினிப் படையும் சேர்ந்து வந்து இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தன. தாயையும் பிள்ளையையும் திருச்சிக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். 1781இல் ஹைதர் அலிக்குப் பயந்து, தெற்கே ஆள் வேண்டும் என்று திறந்துவிட்டார்கள். சிறை வைத்தவனே சிம்மாசனத்தில் உட்கார வைத்தான். ஆனால் இந்தச் சேதுபதி தலையாட்டவில்லை. துறைமுகமும் சுங்கமும் தன் கையில் இருக்க வேண்டும், தறியில் நெய்த துணியைக் கும்பினி சொன்ன விலைக்கு விட முடியாது என்று நின்றார். சிவகங்கையோடு எல்லைத் தகராறு வந்தது, அதையே சாக்காக வைத்து 1795 பிப்ரவரியில் இறக்கிவிட்டார்கள். மறுபடியும் திருச்சி, அப்புறம் சென்னைக் கோட்டை. 1809இல் சிறையிலேயே இறந்தார்.

முதலில் 9 வருடம், பின்னால் 14 வருடம். ஐம்பதைத் தொடாத வாழ்க்கையில் கிட்டத்தட்ட பாதி சிறையில். அவரை விடுவிக்க வேண்டும் என்று 1799இல் முதுகுளத்தூர், அபிராமம், கமுதிப் பக்கம் கும்பினியின் கச்சேரிகளை (அலுவலகங்களை) அடித்து நொறுக்கியவர் சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைகாரர். அவரையும் 1802இல் தூக்கில் போட்டார்கள். மயிலப்பன் பெயரை எங்கள் பக்கத்திலேயே நிறையப் பேருக்குத் தெரியாது. அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

அக்டோபர் 19

காளையார்கோவில் பக்கத்தில் மனைவியின் சித்தப்பா வீடு. ஒரு காரியமாகப் போனேன். பேச்சுவாக்கில் போட்டி விஷயத்தைச் சொன்னதும் பரணில் இருந்து ஒரு துணிப் பொட்டலத்தை இறக்கினார். உள்ளே வளரி, அந்தக் காலத்தில் எறிந்து தாக்கிய ஆயுதம்.

கையில் வாங்கிப் பார்த்தேன். பிறை போல வளைந்த கருத்த மரம். பிடிக்கிற முனை ஒல்லி, மறுமுனை தடித்துக் கனமாக இருக்கிறது. விரல் படுகிற இடம் எண்ணெய் தடவியது போல வழவழப்பு. எத்தனை கை பட்டதோ. எறிகிற மாதிரி மணிக்கட்டைத் திருப்பினால் கனம் தானாக முன்னால் இழுக்கிறது. "எறிஞ்சு பாக்காதீங்க மாப்ளே, ஓட்டை ஒடச்சிருவீங்க" என்று சித்தப்பா பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இது ஏன் பரணுக்குப் போனது? 1801 டிசம்பரில் கும்பினி ஒரு அறிவிப்புப் போட்டது. இந்தச் சீமைகளில் யாரும் ஆயுதம் வைத்துக்கொள்ளக் கூடாது. கோட்டைகளை இடித்தார்கள், காவல் உரிமையைப் பறித்தார்கள். ஆளை அழித்த கையோடு, அவன் கையில் இருந்ததையும் பறித்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 20

ராத்திரி முழுக்க மழை. தூக்கம் வரவில்லை, வளரி ஞாபகமாகவே இருந்தது.

வெல்ஷ் என்று ஒரு கும்பினி அதிகாரி. இளம் வயதில் மதுரையில் இருந்தபோது சின்ன மருதுவோடு பழகியவன். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று அவனே எழுதி வைத்திருக்கிறான். மருது அவனுக்கு நல்ல அரிசியும் பழமும் அனுப்புவார். மருதுவின் சிறுவயல் அரண்மனையில் ஒரு காவலாளிகூடக் கிடையாது, யார் வேண்டுமானாலும் போகலாம் வரலாம் என்றும் எழுதுகிறான். கும்பினி அதிகாரிக்கு இவ்வளவு நெருக்கமானவரா சின்ன மருது என்று மகள் ஆச்சரியப்பட்டாள். நெருக்கமானவர்தான்.

1801இல் பாளையங்கோட்டைச் சிறையில் இருந்து தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, பாஞ்சாலங்குறிச்சி விழுந்த பிறகு சிறுவயலுக்கு ஓடி வந்தார். அடைக்கலம் என்று வந்தவரை மருது விடவில்லை. அவ்வளவுதான், நட்பு முறிந்தது. ஜூன் 16 அன்று திருச்சிக் கோட்டை வாசலிலும் திருவரங்கத்திலும் ஒட்டிய அறிக்கையில் மருது சொல்கிற முதல் குற்றச்சாட்டே, ஐரோப்பியர்கள் நம்பிக்கையை மீறி வஞ்சகமாக நாட்டைத் தமதாக்கிக்கொண்டார்கள் என்பது. நவாபுக்காகவும் அதில் வருத்தப்படுகிறார். வருத்தப்பட்டு ஆறே வாரத்தில், ஜூலை 31ஆம் தேதி, அந்த நவாபின் கர்நாடகத்தையே, அதாவது அவர் ஆண்ட ஆற்காட்டுச் சீமையையே, கும்பினி விழுங்கிவிட்டது. யாருக்காக வரி பிரிக்கிறோம், யாருக்காகப் பாளையக்காரர்களை அடக்குகிறோம் என்று முப்பது வருடத்துக்கு மேல் சொல்லி வந்தார்களோ, அவருடைய வாரிசையே ஒதுக்கிவிட்டார்கள்.

சண்டை முடியும் முன்னமே சோழபுரத்தில் வைத்துச் சிவகங்கைக்கு வேறு ஒருவரை ஜமீன்தாராக அறிவித்தார்கள், சனத்தைப் பிரிக்க. அக்டோபர் 1ஆம் தேதி காளையார்கோவில் விழுந்தது. தொடை எலும்பு முறிந்த நிலையில் சின்ன மருதுவைப் பிடித்தார்கள். 24ஆம் தேதி திருப்பத்தூரில் அண்ணனையும் தம்பியையும் பிள்ளைகளையும் கூட நின்றவர்களையும் சேர்த்துத் தூக்கிலிட்டார்கள். தன்னிடம் அன்பாக இருந்தவரைக் காட்டு மிருகத்தைப் போலத் துரத்த நேர்ந்தது என்று வெல்ஷ் எழுதுகிறான். வருத்தம் உண்மையாகவே இருக்கட்டும். துரத்தினான் அல்லவா.

அக்டோபர் 21

பக்கத்துத் தெரு பாய் கடைக்கு வந்தார். வயசு எண்பதை நெருங்குகிறது. இளம் வயதில் பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் இருந்தவர். எங்கள் பக்கம் பினாங்கு போகாத குடும்பம் குறைவு. என் தாத்தாவின் தம்பிகூடப் போனவர்தான், திரும்பவில்லை.

"மருது பிள்ளைய அங்கதான் கொண்டு போனாங்க பாய்" என்றேன். நம்பவில்லை. சொன்னேன். 1802 பிப்ரவரி, தூத்துக்குடியில் இருந்து கப்பல். சிவகங்கை மன்னர் வேங்கை பெரிய உடையணத் தேவரும் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் உட்பட 70க்கும் மேற்பட்டவர்களை நாடு கடத்தினார்கள். துரைசாமிக்கு அப்போது 15 வயது. 1818இல் வெல்ஷ் பினாங்குக்குப் போனபோது உடல் நொடித்துப் போன ஒருவர் அவன் முன்னால் வந்து நின்றார். யார் என்று கேட்டான். துரைசாமி என்றார். முப்பது முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும், கிழவர் போல இருந்தார்.

பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நாங்க சம்பாதிக்கப் போனோம். வருசத்துக்கு ஒரு தடவ காயிதம் வரும். அதுக்கே அழுதுருக்கேன் தம்பி" என்றார். பிறகு, என்ன நகல் எடுக்க வந்தார் என்பதையே மறந்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

அக்டோபர் 22

டீக்கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டார். "எல்லாரையும் அழிச்சான்னு சொல்றீகளே, புதுக்கோட்டைத் தொண்டைமான அழிக்கலையே?" நியாயமான கேள்வி. புதுக்கோட்டை 1948 வரை சமஸ்தானமாகவே இருந்தது. யோசித்துப் பார்த்தேன். கடைசிவரை ஒருமுறைகூட மறுத்துப் பேசாதவர்களை அது விட்டுவைத்தது. ஒருமுறை 'முடியாது' என்றவரை, அதற்கு முன்னால் எவ்வளவு செய்திருந்தாலும், விடவில்லை. கான்சாகிபு போட்ட சண்டை, சேதுபதி கட்டிய பேஷ்குஷ் (கப்பம்), மருது அனுப்பிய அரிசி எதுவும் கணக்கில் வரவில்லை. மகளிடம் சொன்னேன், "இத நான் சேத்துக்கிறேன்ப்பா" என்று நோட்டை இழுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 24

போட்டி முடிந்தது. பெற்றோரும் வரலாம் என்றார்கள், கடையை மத்தியானம் சாத்திவிட்டுப் போனேன். அவளுக்கு முன்னால் பேசிய நான்கு பேரில் மூன்று பேர் அந்தப் பழைய நான்கு தாளைத்தான் பேசினார்கள்.

இவள் சுவரோவியத்தில் தொடங்கினாள். கான்சாகிபு, சேதுபதி, நவாபு, மருது என்று வரிசையாக வந்தாள். துரைசாமிக்கு வரும்போது குரல் இறங்கிவிட்டது. "எனக்கும் அவருக்கும் ஒரே வயசு" என்று எழுதாத ஒரு வரியைச் சொன்னாள். மணி அடித்தும் நிறுத்தவில்லை, மயிலப்பன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். நேரம் தாண்டிவிட்டதால் பரிசுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே வந்ததும் அழுவாள் என்று நினைத்தேன். பசிக்கிறது என்றாள். பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

அக்டோபர் 26

மழை விட்டிருக்கிறது. எங்கள் பக்கம் பெண்கடல், சீக்கிரம் அடங்கிவிடும். டீக்கடையில் எழுந்து போனவரும் அவரோடு சண்டை போட்டவரும் இன்று விடியற்காலையில் ஒரே வத்தையில் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். மகள் தன் பேச்சை நல்ல கையெழுத்தில் திருப்பி எழுதி, பாய்க்கு ஒரு நகல் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். தூத்துக்குடியில் கப்பல் ஏறிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்கிறாள். அரையாண்டு லீவில் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.