பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறதா? டிஸ்க் வாங்க முதல் ஹப்பைப் பாருங்கள்

கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் 90இல் வந்து, வெளியேறும் இடத்தில் பிரேக்கை மிதித்ததும் ஸ்டியரிங் நடுங்குகிறது. கராஜில் சொன்னால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "டிஸ்க் வளைஞ்சிட்டுது, லேத் அடிக்கணும்." அதாவது, சில்லோடு சுற்றும் பிரேக் தட்டான டிஸ்க்கை இயந்திரத்தில் கடைந்து சமப்படுத்த வேண்டுமாம். பல வாகனங்களில் டிஸ்க் வளைவதே இல்லை. அதன் தடிப்பு இடத்துக்கு இடம் மாறியிருக்கும். அந்த மாற்றத்தைத் தொடக்கிவைத்த காரணம் டிஸ்க்குக்குப் பின்னால், அதுவும் சில்லும் பொருந்தி நிற்கும் ஹப்பில் கிடக்கும். அதைத் தொடாமல் புது டிஸ்க் போட்டால், சில ஆயிரம் கிலோமீற்றரில் அதே நடுக்கம் திரும்பி வரும்.

எதையும் கழற்ற முதல் நடுக்கம் எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள். ஸ்டியரிங் ஆடினால் முன் சில்லுகள். இருக்கையும் தளமும் அதிர்ந்தால் பின் பக்கத்தைச் சந்தேகிக்கலாம். கால் வைத்திருக்கும் பெடல் துடித்தால் தடிப்பு மாறியிருக்கிறது. பின்னால் டிரம் என்றால் டிரம் வட்டம் கெட்டிருக்கவும் கூடும். பிரேக் பிடிக்காமலே 80க்கு மேல் ஆடினால் முதலில் வீல் பேலன்ஸ் பாருங்கள். சடுதியாக மிதிக்கும்போது கரகரவென்ற சத்தத்துடன் பெடல் துடிப்பது, சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வது, அது பழுதல்ல.

விட்ஸ், வேகன் ஆர் போன்று பின்னால் டிரம் உள்ள கார்களில் ஒரு நல்ல சோதனை உண்டு. ஆளில்லாத நேரான வீதியில் 40இல் போய், ஹேண்ட்பிரேக் பட்டனை அமுக்கியபடியே மெல்ல மெல்ல இழுங்கள். நடுக்கம் வந்தால் பின் டிரம், வராவிட்டால் முன் பக்கம். பின்னாலும் டிஸ்க் உள்ள கார்களில் ஹேண்ட்பிரேக்குக்குத் தனியாக ஒரு சிறு டிரம் இருக்கலாம் என்பதால், அங்கே இந்த முடிவை நம்ப முடியாது.

அக்வா, பிரியஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மெதுவாக மிதிக்கும்போது வாகனத்தைப் பெரும்பாலும் மின்மோட்டார்தான் நிறுத்துகிறது. டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேட் அதிகம் உரசாததால் டிஸ்க்கில் கறள் தங்கிவிடும், மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நின்ற கார் என்றால் இன்னும் மோசம். பாதுகாப்பான இடத்தில் சிறிது நேரம் N-க்கு மாற்றிப் பிரேக் பிடித்தால் முழு வேலையும் டிஸ்க்கிலும் பேட்டிலும் விழும், ஒளிந்திருந்த நடுக்கம் வெளியே வரும்.

இனிக் கழற்றலாம். ஜாக் மட்டும் போதாது, ஸ்டாண்ட் வையுங்கள். சில்லை மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பெயாரிங், போல் ஜொயின்ட், டை ரொட் எண்ட் இவற்றில் ஆட்டம் இருந்தால் அதை முதலில் சரிசெய்யாமல் டிஸ்க்கை அளப்பதில் பயனில்லை. சில்லைத் தாங்கும் லோவர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தால், டிஸ்க்கில் உள்ள சின்னக் குறையும் ஸ்டியரிங்கில் பெரிதாகத் தெரியும்.

அளக்க, ஆட்டத்தை முள்ளில் காட்டும் டயல் கேஜும் தடிப்பை அளக்கும் மைக்ரோமீற்றரும் வேண்டும். பேட்டைத் தாங்கும் காலிப்பரை எடுத்து ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். எல்லா வீல் நட்டுகளையும் வாஷருடன் போட்டு டிஸ்க்கை ஹப்போடு இறுக்குங்கள். வெளி விளிம்பிலிருந்து 10 மில்லிமீற்றர் உள்ளே டயல் முனையை வைத்து டிஸ்க்கை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். முள் அசையும் அளவுதான் டிஸ்க்கின் ஆட்டம். அனுமதிக்கும் அளவு வாகனத்துக்கு வாகனம் மாறும், ஆனாலும் 0.05 மில்லிமீற்றரைத் தாண்டவிடாமல் வைப்பது நல்லது. பிறகு அதே வட்டத்தில் எட்டு இடங்களில் தடிப்பை அளங்கள். அதிகத்துக்கும் குறைவுக்கும் 0.02 வித்தியாசம் இருந்தாலே நடுக்கம் காலுக்கும் கைக்கும் தெரியலாம்.

இவ்வளவு சிறிய அளவு ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது? ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு துளிக் கறள் இருந்தால் டிஸ்க் சற்றே சரிந்து உட்காரும். பிரேக் பிடிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேட்டில் தட்டும். ஓட ஓட அந்த இடம் தேயும், அல்லது பேட்டின் பொருள் அங்கே படியும். புது டிஸ்க் போட்ட அன்று நன்றாக ஓடிய கார் சில மாதங்களில் ஆடத் தொடங்குவது இதனால்தான். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் கார்களில் ஹப் முகம் கறள் ஏறியே இருக்கும். வயர் பிரஷும் எமரியும் போட்டு, வீல் ஸ்டட்களின் அடிவரை உலோகம் தெரியச் சுத்தம் செய்யுங்கள். மறுபடி அளந்து அளவு குறையாவிட்டால் டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டிப் பாருங்கள், அதிலேயே சரியாவதும் உண்டு. அதற்கும் மசியாவிட்டால் ஹப் முகத்தையே டயலில் அளக்க வேண்டும்.

காலிப்பர் சறுக்கி நகர உதவும் ஸ்லைட் பின்கள் கையால் தள்ளினாலே நகர வேண்டும். இறுகியிருந்தால் ஒரு பேட் எப்போதும் உரசி டிஸ்க்கைச் சூடாக்கும். பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு பிரேக்குக்கான கிரீஸ் மட்டும் பூசுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும்.

லேத் பற்றி: மெல்லிய டிஸ்க் உள்ள சின்னக் கார்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். டிஸ்க்கிலேயே ‘MIN TH’ என்று குறைந்தபட்சத் தடிப்புப் பொறிக்கப்பட்டிருக்கும். கடைந்த பிறகு அந்த அளவை ஒட்டி நின்றால் தேய இடமில்லை, சூடும் விரைவில் ஏறும். நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தால் அங்கே இரும்பே கடினமாகியிருக்கும், கடைந்தாலும் அது ஆழத்தில் தங்கிவிடும். அப்படியான டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் டிஸ்க் எடுத்தால் கடையிலேயே தடிப்பை அளந்து வாங்குங்கள். இடமும் வலமும் சோடியாக, பேட்டும் புதிதாக. புது டிஸ்க்கின் எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடையுங்கள், மண்ணெண்ணெய் வேண்டாம்.

டயர் கடைகளில் நட்டுகளை இறுக்கும் இயந்திரக் கன்னால் (gun) கண்டபடி இறுக்குவதும் டிஸ்க்கைச் சரித்துவிடும். இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரென்ச் கேளுங்கள். டொயோட்டா சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றுக்கு 103 நியூட்டன் மீற்றர், சுசுக்கி வேகன் ஆருக்கு 85. குறுக்கும் மறுக்குமாக, இரண்டு மூன்று தடவையில்.

கடைசியாகப் பேட்டைப் பழக்க வேண்டும். சனம் குறைந்த நேரத்தில் 60இலிருந்து 15 வரை, நிற்காமல், பத்துத் தடவை இடைவெளி விட்டுப் பிரேக் பிடியுங்கள். பின்பு சில கிலோமீற்றர் பிரேக்கைத் தொடாமல் ஓடி ஆறவிடுங்கள். சூட்டோடு நிறுத்திப் பெடலை மிதித்தபடி இருந்தால் பேட்டின் அச்சு டிஸ்க்கில் பதியும். கடுகண்ணாவை இறக்கத்தில் இறங்கி வந்து அடிவாரத்தில் நிறுத்தும்போதும் இதேதான். அங்கே இறங்கும்போதே குறைந்த கியரைப் போட்டு எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்த விடுங்கள், நின்றதும் முடிந்தால் காலை எடுத்து ஹேண்ட்பிரேக்கில் வையுங்கள்.