பழைய டகோமா வாங்குவதானால்

அமெரிக்காவில் பழைய டொயோட்டா டகோமா பிக்கப் டிரக் தேடுகிறவர்கள் ட்ரிம்மைவிட (வசதிகளைப் பொறுத்து மாறும் வகை) ஆண்டை முதலில் பாருங்கள். 2005–2010 வண்டிகளில் ஃபிரேம் (அடிச்சட்டம்) துருப்பிடிப்பதுதான் பெரிய வியாதி. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடியவை இன்னும் மோசம். அடியில் படுத்து, பின் லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) மாட்டியிருக்கும் இடங்களைச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டாலோ, செதில் செதிலாக உதிர்ந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

2016–2023 தலைமுறையில் 2.7 லிட்டர் எஞ்சினுக்கு 159 குதிரைத்திறன்தான். ட்ரெய்லர் இழுக்க 278 குதிரைத்திறன் உள்ள 3.5 லிட்டர் வி6 வேண்டும். ஃபோனை வண்டியின் திரையில் பயன்படுத்த உதவும் ஆண்ட்ராய்டு ஆட்டோ வந்தது 2020-இல்; என் தேர்வு அதற்குப் பிந்தையவைதான்.

டிஆர்டி ஸ்போர்ட் என்ற ட்ரிம்மின் பானெட் மேலுள்ள காற்றுவாய் வெறும் அலங்காரம். சேற்றில் கைகொடுப்பது டிஆர்டி ஆஃப்-ரோடு ட்ரிம்மில் வரும் பின் டிஃபரன்ஷியல் லாக் (பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே வேகத்தில் சுழல வைப்பது). ஸ்போர்ட்டில் அது கிடையாது.