ஸ்குவாட்டும் வலி மாத்திரையும்: 12 வாரக் குறிப்பு

வாரம் 1 முதல் 4 வரை

தை மாதம் செல்லூரில் வீட்டுப் பக்கத்து ஜிம்மில் சேர்ந்தேன். ஸ்குவாட், அதாவது தோளில் எடை வைத்து உட்கார்ந்து எழுவது, 40 கிலோவில் ஆரம்பம். கால் பயிற்சி வாரம் இரண்டு நாள். மறுநாளைக் காட்டிலும் அதற்கு அடுத்த நாள்தான் வலி உச்சத்துக்குப் போகும். மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குவேன். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று பார்க்கிற வேலை. அதனால் ஐபுபுரூஃபென் என்ற வலி மாத்திரை 400 மி.கி., காலை, மதியம், ராத்திரி என்று போட ஆரம்பித்தேன். தொடைச் சுற்றளவு 52 செ.மீ.

வாரம் 5

மெடிக்கல் அண்ணன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, வாராவாரம் வாங்குறீங்களே, டாக்டர்ட்ட காட்டுனீங்களா? வயிறு புண்ணாயிரும்ல." அன்றைக்கு ராத்திரிதான் இந்த மாத்திரை தசையை என்ன செய்கிறது என்றும் தேடிப் படித்தேன்.

ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா என்ற மருத்துவப் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு, 2017இல் வெளியானது. 18 முதல் 35 வயது வரை 31 பேர், 8 வாரம் தொடைப் பயிற்சி. ஒரு பாதிப் பேருக்குத் தினம் 1200 மி.கி. ஐபுபுரூஃபென், அதாவது நான் போட்ட அதே அளவு. மற்றவர்களுக்கு 75 மி.கி. ஆஸ்பிரின் மட்டும். ஸ்கேனில் அளந்தபோது ஆஸ்பிரின் குழுவுக்குத் தொடைத் தசை 7.5 சதவீதம் கூடியிருந்தது, ஐபுபுரூஃபென் குழுவுக்கு 3.7 தான். படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஒரு மாத உழைப்பு!

காரணம் இதுதான். எடை தூக்கியதும் தசைக்குள் புரோஸ்டாகிளான்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. வலியைக் கூட்டுவதும் அதுதான், புதுப் புரதம் கட்டச் சொல்லி ஏவுவதும் அதுதான். மாத்திரை அதைச் சுரக்க வைக்கிற காக்ஸ் நொதியையே அடைத்துவிடுகிறது.

ஒரு மாத்திரை போட்டாலே பாழ் என்று நினைக்க வேண்டாம். 2008இல் கனடாவில் பயிற்சி நாளில் மட்டும் 400 மி.கி. கொடுத்து 6 வாரம் பார்த்தார்கள், கைத்தசை வளர்ச்சியில் வித்தியாசமே இல்லை. தினமும் அதிக அளவில் போடுவதுதான் சிக்கல்.

வாரம் 6 முதல் 11 வரை

மாத்திரையை நிறுத்தினேன். முதல் பத்து நாள் கஷ்டம்தான். தூக்குகிற எடையை 5 கிலோ குறைத்து, பிறகு வாரம் இரண்டரை கிலோவாக மெதுவாக ஏற்றினேன். கால் பயிற்சிக்கு மறுநாள் சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடை. சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல், அம்மா வற்புறுத்தல். எட்டாம் வாரத்துக்கு மேல் அதே எடைக்குப் பாதி வலிகூட இல்லை, தசை பழகிவிட்டது. இந்தச் சித்திரை வெயிலில் வேர்த்து ஊற்றும்போது இந்த மாத்திரை கிட்னிக்கும் பாரம் என்பதால், விட்டதில் இரட்டை நிம்மதி.

அப்பாவுக்கு 66. மூட்டுவலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை போடுகிறார். அதை நிறுத்தச் சொல்லவில்லை. 60 வயதுக்கு மேற்பட்டவர்களை 12 வாரம் வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், ஐபுபுரூஃபென் போட்டவர்களுக்குத் தசை கூடுதலாகவே வளர்ந்தது. வயதானவர் உடம்புக்குள் லேசான அழற்சி (உள்வீக்கம்) ஓயாமல் இருப்பதால் கணக்கு மாறுகிறது போல.

வாரம் 12

தொடை 54 செ.மீ. ஐந்தாம் வாரத்தில் 52.5. இடையில் தினம் நாலு முட்டையும் சேர்த்தேன், எனவே எல்லாப் பெருமையும் மாத்திரையை விட்டதற்குத் தர மாட்டேன்.

முந்தாநாள் 60 கிலோவில் ஐந்தைந்து தடவையாக 3 சுற்று ஸ்குவாட். இன்று காலை தொடையில் பிடிப்பு இருந்தது. சுவரைப் பிடிக்காமல் நேராகப் படி இறங்கினேன்.