கொசுவலை எழுதிக் கொடுத்த டாக்டர்

மாமா இறந்த அன்று பந்தல்காரர் வருவதற்கு முன்பே வாசல் நிறைந்துவிட்டது. கோட்டூர் பக்கத்திலிருந்து டிராக்டரில் வந்தார்கள். முத்துப்பேட்டையிலிருந்து மீன் வியாபாரம் செய்யும் பெண்கள் காலை ஏலத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அங்கே பேசியதில் பாதி ஃபீஸைப் பற்றித்தான். "காசில்லேன்னா அறுப்பு முடிஞ்சு குடுன்னு சொன்ன மனுஷன்" என்று ஒரு பெரியவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது நிஜம்தான். ஆனால் அப்படிப்பட்ட டாக்டர்கள் தமிழ்நாட்டில் இன்னும் பலர் இருந்திருக்கிறார்கள். சென்னையில் ஐந்து ரூபாய் டாக்டர் என்றே பெயர் வாங்கிய ஜெயச்சந்திரனும் திருவேங்கடமும் 2018, 2020 ஆண்டுகளில் அடுத்தடுத்துப் போனபோது வடசென்னையே அழுததைப் பேப்பரில் படித்தோம். என் மாமனாரைப் பற்றி நான் சொல்ல விரும்புவது காசைப் பற்றி அல்ல. அவர் நேரம் கொடுத்தார். நோயாளிக்கும் கொடுத்தார், வீட்டுக்கும் கொடுத்தார். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதி வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எழுபதுகளில் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் படித்துவிட்டு, திருத்துறைப்பூண்டிக்கே திரும்பி வந்தவர். கீழே நாலு கட்டில் போட்ட ஆஸ்பத்திரி, மாடியில் வீடு. நான் 2001-ல் கல்யாணமாகி கும்பகோணத்திலிருந்து வந்தேன். டெல்டாவில் ஒரு டாக்டர் எதைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. காய்ச்சல், சர்க்கரை, பிரசவம் என்று நினைத்திருந்தேன். அறுவடைக் காலம் வந்தபோதுதான் பாம்பு என்று தெரிந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலும் எங்கள் பக்கத்து வயலில் உண்டு. சம்பா அறுப்பில் குனிந்து அரிவாள் போடும் கைக்கும், வெறுங்காலோடு வரப்பில் நடக்கிற காலுக்கும்தான் முதல் ஆபத்து.

அந்த முதல் வருஷமே ஒரு ராத்திரி கீழே சத்தம் கேட்டு இறங்கிப் போனேன். அறுப்புக்கு வந்திருந்த ஒரு பெண்ணைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். புறங்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. காலில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மாமா டிரிப்பை ஏற்றிவிட்டு, அதை மெதுவாகத் தளர்த்தினார். கூட வந்தவர்கள் என்ன பாம்பு என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். அவர் எதையும் மறுக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு புதுக் கண்ணாடிக் குழாயை எடுத்து, அந்தப் பெண்ணின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து அதில் விட்டு, மேஜையில் நிறுத்தினார். அப்புறம் என்னைப் பார்த்து, "அம்மாடி, கடிகாரத்தைப் பார்த்துக்க. இருபது நிமிஷம். யாரும் இதைத் தொடக் கூடாது, ஆட்டக் கூடாது" என்றார்.

நல்ல ரத்தமாக இருந்தால் இருபது நிமிஷத்தில் உறைந்து கட்டியாகிவிடும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ஏறியிருந்தால் உறைய வைக்கிற சத்தையெல்லாம் விஷமே தீர்த்துவிடும், ரத்தம் தண்ணீராகவே நிற்கும். குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் ஆகாது, சோப்புப் போட்டுக் கழுவிய பழைய குழாயும் ஆகாது. இதெல்லாம் பிற்பாடு அவர் எனக்குச் சொன்னது. அன்று நான் பார்த்தது, அந்த இருபது நிமிஷமும் அவர் ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்ததை. யார் வயலில் அறுத்தீங்க, எத்தனை பிள்ளைங்க, சின்னது என்ன படிக்குது, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனே, என்ன நிறத்துல போச்சு என்று ஒரே குரலில் கேட்டுக்கொண்டே இருந்தார். பேச்சோடு பேச்சாக ஈறைப் பார்த்தார், கண் இமையைப் பார்த்தார், நாடியைப் பிடித்தபடியே இருந்தார். அந்தப் பெண்ணின் மூச்சு எனக்குத் தெரியவே நிதானப்பட்டது.

நேரமானதும் குழாயை ஒரே ஒரு தடவை சாய்த்தார். ரத்தம் அப்படியே ஓடியது. அட்ரினலின் ஊசியைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டு விஷமுறிவு மருந்தை ஆரம்பித்தார். அது குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது, சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விடும், அதனால் ஊசி பக்கத்தில் இல்லாமல் தொடவே மாட்டார். 108 வண்டியெல்லாம் 2008-ல்தான் வந்தது. அன்றைக்கு மாமாவின் அம்பாசிடரில்தான் அந்தப் பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டிரிப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அவரே பின் சீட்டில் உட்கார்ந்து போனார். சிறுநீரகம் கெடாமல் அந்த அம்மாள் பிழைத்து வந்தார். மாமா இறந்த அன்று அந்த அம்மாளின் பேரன் மாலையோடு வந்தான்.

இந்த விரியன்களைவிட மாமா பயந்தது கட்டுவிரியனுக்குத்தான். ராத்திரி தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வீக்கம் இருக்காது, பல் தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுவார்கள், தொண்டை அடைக்கும், இமை தானாகக் கீழே இறங்கும். வயிற்று வலிக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுவிடும். பிராக்டீஸ் ஆரம்பித்த காலத்தில், வேறொரு இடத்தில் வயிற்று வலி என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பையனை இவரிடம் கொண்டு வந்திருக்கிறார்கள். வரும்போதே எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பையனைப் பற்றி மாமா எங்களிடம் அதிகம் பேசியதில்லை. ஆனால் விடிகாலையில் வயிற்று வலி என்று யார் வந்தாலும், முதலில் டார்ச் அடித்து இமையைத்தான் பார்ப்பார்.

பிற்பாடு ஒரு பெண் குழந்தை அப்படி வந்தபோது, மூச்சு நிற்பதற்குள் கண்டுபிடித்து, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கிற ஆம்பு பையை அழுத்தி அழுத்தியே தஞ்சாவூர் வரை கொண்டு சேர்த்தார்கள். மாமா, கம்பவுண்டர், குழந்தையின் தாய்மாமன் மூவரும் மாற்றி மாற்றி அழுத்தியிருக்கிறார்கள். கட்டுவிரியன் விஷத்துக்கு அதுதான் விஷயம். மருந்து ஒரு பக்கம் போனாலும், உடம்பு தானாக மூச்சு விடத் தொடங்கும்வரை நாம் மூச்சு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கைவிட்டால் போச்சு. அந்தப் பெண் இப்போது திருவாரூரில் நர்ஸாக இருக்கிறாள்.

இதனால்தான் மாமாவின் சீட்டில் மருந்துக்கு மேலே முதல் வரியாகக் 'கொசுவலை' என்று இருக்கும். காய்ச்சலுக்கு வந்தவருக்கும் எழுதுவார், சர்க்கரைக்கு வந்தவருக்கும் எழுதுவார். மெடிக்கல் கடைக்காரர் அலுத்துப்போய்க் கொசுவலையே வாங்கி விற்க ஆரம்பித்துவிட்டார். கட்டில் வாங்க முடியாதவர்கள்கூட வலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டால் பாம்பு உள்ளே வராது என்பது அவர் கணக்கு. அது சரி என்று ஆராய்ச்சிகளும் சொல்கின்றன.

வீட்டிலும் அதே கதைதான். ராத்திரி எவ்வளவு நேரமானாலும், ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு மேலே வந்ததும், பிள்ளைகள் படுத்திருக்கும் அறைக்குப் போய்க் கொசுவலையின் ஓரத்தைச் சுற்றிலும் மெத்தைக்கு அடியில் செருகுவார். நாலு மூலையிலும் உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்துவார். என் கணவருக்கு அப்பாவைப் பற்றிய முதல் ஞாபகமே அந்தக் கைதான். பகலில் அப்பாவை அதிகம் பார்த்ததில்லை என்று அவருக்குக் குறை உண்டு. ஆனால் பாதித் தூக்கத்தில் மெத்தை லேசாக அமுங்குவது தெரியும், அப்பா வந்துவிட்டார் என்று தெரியும், அதற்கப்புறம்தான் நல்ல தூக்கம் வரும் என்பார். நான் வந்த பிறகு என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். சென்னையிலிருந்து லீவுக்கு வருகிற பேரன்கள், ஏசி ரூமில் எதுக்குத் தாத்தா என்று கேட்பார்கள். பதில் சொல்லாமல் செருகிவிட்டுப் போவார்.

குடும்பத்தோடு வெளியூர் போவது அபூர்வம். அப்படி ஒரு முறை பிள்ளைகள் சின்ன வயதில் மகாபலிபுரம் போனபோது, சிற்பங்களைச் சீக்கிரம் பார்த்து முடித்துவிட்டு, வடநெம்மேலியில் இருளர்கள் பாம்பு விஷம் எடுக்கும் இடத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். பாம்பு பிடித்துத் தோலுக்கு விற்ற இருளர்கள், அதற்குத் தடை வந்த பிறகு, 1978-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் அது. அவர்கள் எடுத்துக் கொடுக்கிற விஷத்திலிருந்துதான் முறிவு மருந்து தயாராகிறது. "நான் ஊசி போடுறேன்னு எனக்குக் கும்பிடு போடறாங்க. கும்பிட வேண்டியது இவங்களை" என்று பிள்ளைகளிடம் சொன்னாராம். என் நாத்தனார் டாக்டரானதற்கு அந்த ஒரு நாள்தான் காரணம் என்று அவளே சொல்வாள்.

அத்தையைப் பற்றிச் சொல்லாமல் மாமாவைப் பற்றி முடிக்க முடியாது. அத்தைக்கு நாற்பது வயதிலேயே முடக்குவாதம். விரல்கள் கோணிப்போய்விட்டன. சீப்பைப் பிடிக்க முடியாது. நான் கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் கூடத்தில் ஒரு காட்சி. அத்தை தரையில் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நாற்காலியில் மாமா, வாயில் ரப்பர் பேண்டைக் கவ்விக்கொண்டு, அத்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறார். சிக்கெடுக்கும்போது வலிக்காமல் இருக்க முடியின் அடியைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சீவினார். மூன்று கால் எடுத்து, கடைசி வரை ஒரே இறுக்கத்தில் பின்னி, நுனியில் ரிப்பனும் கட்டினார். கீழே ஆஸ்பத்திரியில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவசரமே இல்லை. நான் ஓடிப் போய் "குடுங்க மாமா" என்றேன். "இது என் வேலைம்மா" என்றார். புதுப் பெண்ணுக்கு முன்னால் செய்கிறோமே என்ற கூச்சம் அவரிடம் துளியும் இல்லை. அத்தையிடமும் இல்லை. ஒரு வீட்டில் ஆண் எப்படி இருக்கலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மாமாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கரையேறியது. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்புகள் மொத்தமும் படுத்துக் கிடந்தன. கரண்ட் வர வாரக்கணக்கானது. வீட்டை இழந்தவர்கள் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்தார்கள். மாமாவின் முதல் கவலை இன்சுலின். ஃபிரிட்ஜ் இல்லாமல் கெட்டுப்போகுமே என்று, ஊரில் தேடிப் பிடித்து மண் சட்டிகள் வாங்க வைத்தார். பெரிய சட்டியில் ஈர மணல், அதற்குள் சின்னச் சட்டி, அதற்குள் இன்சுலின் குப்பி, மேலே ஈரத் துணி. ஒவ்வொரு முகாமிலும் போய் உட்கார்ந்து, வயசான அம்மாக்களுக்கு அவரே செய்து காட்டினார். விஷமுறிவு மருந்தைத் தூள் மருந்தாகவே வாங்கி வைத்திருந்தார், அதற்கு ஃபிரிட்ஜ் தேவையில்லை. வெள்ளத்தோடு பாம்பும் வீட்டுக்குள் வந்த நாட்கள் அவை. அந்த ஒரு முன்யோசனை எவ்வளவு பெரியது என்று அப்போது புரிந்தது.

கடைசி இரண்டு வருஷம் இதயம் பலவீனமாகிவிட்டது. என்ன நடக்கிறது என்று எங்களைவிட அவருக்கே நன்றாகத் தெரியும். ஐசியுவில் வைக்க வேண்டாம் என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டார். அவள் டாக்டராக இருந்தும், மகளாக இருந்தும், அந்த வார்த்தையைக் காப்பாற்றினாள். அவளால் அது எப்படி முடிந்தது என்று இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். 2024 ஆடி மாதம் ஒரு மத்தியானம், வீட்டிலேயே போனார்.

அந்த நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. செய்தியைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. இந்தியாவில் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் சாகிறார்கள் என்று 2020-ல் வந்த ஆய்வைப் பேப்பரில் படித்துவிட்டு, "எண்ணினாத்தாம்மா மருந்து வரும். எண்ணாத சாவுக்கு யாரு மருந்து அனுப்புவாங்க" என்று மாமா சொன்னார். நாலு மாசம் கூட இருந்திருந்தால் பார்த்திருப்பார். அத்தையிடம் அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படி என்றார்.

இப்போது கீழே ஒரு இளம் டாக்டர் உட்கார்கிறார். தஞ்சாவூரில் படித்த பெண்தான். கண்ணாடிக் குழாய்ப் பெட்டியையும் ஆம்பு பையையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டோம். மாமா குடும்பத்துக்கு ஒன்றாக எழுதி வைத்திருந்த நாற்பது பக்க நோட்டுகள் மூன்று பீரோ நிறைய இருக்கின்றன. அட்டையில் ஊர், தெரு, குடும்பத் தலைவர் பெயர். உள்ளே பிரசவத்திலிருந்து கடைசி ரத்தப் பரிசோதனை வரை எல்லாம் இருக்கும். ஊரில் இருப்பவர்களின் நோட்டுகளை டாக்டரம்மா உபயோகிக்கிறார். திருப்பூர், கோயம்புத்தூர் என்று வேலைக்குப் போய்விட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், ஊருக்கு வரும்போது வந்து உங்கள் குடும்ப நோட்டை வாங்கிக்கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் இருப்பேன். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களின் நோட்டு அட்டையில் மாமா சிவப்பு மையால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் முதலில் வாங்க.